எடுபடாத பேச்சு

காலை ஆறரை மணி. தரமணியில் அப்போது நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் வராந்தா. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். புளியந்தோப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். "இந்த ஆய்வில் தங்கள் உடலில் இன்சுலின் எதிர்ப்பு எந்த அளவுக்கு உள்ளது என்று கண்டறியப்படும்" என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதிர்ப்பு சக்திதானே மா? அது எனக்கு நெறையவே இருக்கும். கொரோனா வந்தப்போ வீட்ல எல்லாரும் படுத்துட்டாங்க. எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

"இல்லம்மா, இது வேற எதிர்ப்பு. இது அதிகமா இருந்தா நல்லதில்ல."

"எதிர்ப்பு அதிகமா இருந்தா நல்லதில்லையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் ஏன் மா கபசுரக் குடிநீர் குடி, எதிர்ப்பு சக்தி வரும்னு தெருத் தெருவா குடுத்தீங்க?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் பெரிய மனசு பண்ணிக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் கொடுத்தார். நாங்கள் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். படிவத்தின் கடைசி வரி, "மேற்கண்ட அனைத்தும் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டது" என்பது. அதன் கீழேதான் அவர் கையெழுத்து. அன்று முழுக்க அந்த வரி என்னை விடவில்லை.

ஏனென்றால் அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியதே நான்தான்.

ஈரலோடு நான் குடித்தனம் நடத்த ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. கல்லீரல், இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், இம்யூனிட்டி என்ற மூன்று சொல்லை இடம் மாற்றி இடம் மாற்றிப் போட்டால் என் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் எல்லாம் வந்துவிடும். நண்பர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வதும் உண்டு. ரெசிஸ்டன்ஸ் (சர்க்கரையை அடக்கக் கணையம் அனுப்பும் இன்சுலினுக்குச் செல்கள் சரியாக மசியாதது) வேறு, இம்யூனிட்டி (நோய் எதிர்ப்பு சக்தி) வேறு என்று ஆங்கிலத்தில் எழுதி எழுதிப் பழகிய கை. தமிழுக்கு வந்தால் இரண்டும் எதிர்ப்பு. ஒன்று இருந்தால் பிழைப்போம், இன்னொன்று இருந்தால் சர்க்கரை வரும். இந்த முட்டல் என் கண்ணில் படுவதற்கு ஒருவர் புளியந்தோப்பிலிருந்து வர வேண்டியிருந்தது.

மற்ற சொற்களும் லேசுப்பட்டவை இல்லை. "உங்க ஈரல்ல கொழுப்பு இருக்கு" என்று ஒரு இளைஞனிடம் சொன்னபோது பக்கத்தில் நின்ற அவன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஈரல்ல மட்டுமா மேடம்?" என்றாள். கொழுப்பு என்றால் நம் ஊரில் வேறு அர்த்தமும் உண்டே. ஆனால் இதே சொல் இன்னொருவரை அழ வைத்தது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர், வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஸ்கேனில் கிரேடு டூ ஃபேட்டி லிவர் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டை மாமியார் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்ததாகச் சொன்னார். ஈரல் கெட்டுப்போச்சு என்றால் குடி என்றுதானே ஊர் சொல்லும்?

மருத்துவமும் வெகுகாலம் அந்த ஊரைப் போலத்தான் இருந்தது. 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் லுட்விக் குழுவினர், குடிக்காத இருபது பேரின் ஈரலில் குடிகாரர் ஈரலில் இருப்பதைப் போன்ற சிதைவைக் கண்டு எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'மதுசாராத' என்ற சொல் இருந்தது. இல்லாத ஒன்றைச் சொல்லி நோய்க்குப் பெயர் வைத்தால், அந்த இல்லாததே பெயரில் ஒட்டிக்கொண்டு வரும். 2023 ஜூனில்தான் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பேசி அதைக் கழற்றிப் போட்டு, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்தன. பெயர் மாற்றத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் கூடத்திலேயே சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த அரிசி டப்பாதான் நினைவுக்கு வந்தது.

சரி, ஈரலுக்கு வருவோம்.

சென்னைக்காரர்களிடம் ஈரலைப் பற்றிச் சொல்ல நான் கோயம்பேட்டைத்தான் கூப்பிடுவேன். காய்கறி எங்கிருந்து வந்தாலும் முதலில் அங்கே இறங்கி, பிறகுதான் ஊருக்குள் பிரிகிறது. குடலில் உறிஞ்சப்படும் சத்தில் பெரும்பங்கு அப்படித்தான் முதலில் ஈரலில் வந்து இறங்குகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு, குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருவது. வந்ததைச் சேர்த்து வைத்து, பசிக்கிற நேரத்தில் சர்க்கரையாக அவிழ்த்துவிடுவதும் ஈரலின் வேலை. 1855-இல் பாரிஸில் கிளாட் பெர்னார் இதை வெகு எளிமையாகக் காட்டினார். ஈரலின் ரத்தக்குழாய் வழியே தண்ணீரை விட்டுச் சர்க்கரை முழுவதும் போகும்வரை கழுவினார். மறுநாள் பார்த்தால் அதே ஈரலில் மறுபடியும் சர்க்கரை. உடம்பை விட்டு எடுத்த பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்தச் சேமிப்புப் பொருளை, கிளைகோஜனை, அவர் பிரித்தெடுத்தது இரண்டு வருடம் கழித்து.

கோயம்பேட்டுக்குக் காவலும் வேண்டும் அல்லவா? குடல் பக்கமிருந்து வரும் ரத்தத்தில் சத்து மட்டுமா வருகிறது, கிருமிகளின் துண்டு துணுக்கும் சேர்ந்தே வருகிறது. ஈரலின் நுண்குழாய்களை ஒட்டி நட்சத்திரம் போலக் கிளை விரித்துக்கொண்டு சில செல்கள் உட்கார்ந்திருப்பதை 1876-இல் கூப்ஃபர் என்ற ஜெர்மானியர் பார்த்து எழுதினார். குழாய்க்குள் இருக்கும் விழுங்கும் செல்களையும் அவற்றையும் பின்னாளில் அவர் ஒன்றென்றே எடுத்துக்கொண்டார். இரண்டும் வேறு வேறு, விழுங்கும் செல்கள் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை என்று பிறகுதான் தெளிந்தது. ஆனாலும் அந்த விழுங்கும் செல்களுக்குப் பெயர் கூப்ஃபருடையதாகவே நின்றுவிட்டது. உடம்பின் திசுக்களில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் விழுங்கும் செல்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஈரலில்தான் இருக்கின்றன என்பார்கள்.

இந்தச் செல்களோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எலி ஈரலிலிருந்து செல்களைப் பிரிப்பதுதான் நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட கைவேலை. மயக்கம் கொடுத்த சுண்டெலியின் சிரைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, 37 டிகிரிக்குச் சூடாக்கிய கரைசலை விட வேண்டும். குழாயில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்தால் போதும், அன்றைய நாள் போச்சு. சரியாக விழுந்தால் கருஞ்சிவப்பு ஈரல் கண் முன்னால் வெளுத்துச் சந்தன நிறத்துக்கு வரும். எத்தனை முறை செய்தாலும் அந்த நிமிடத்தில் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வருகிறது. பிறகு கொலாஜினேஸ் என்ற நொதி. செல்களைக் கட்டி வைத்திருக்கும் நாரை அது கரைத்துவிட, ஈரல் குழைந்த சாதம் போல ஆகிவிடும். வடிகட்டி, மெதுவாகச் சுழற்றினால் கனமான ஈரல் செல்கள் அடியில் தங்கும். மேலே தெளிவாக நிற்பதை ஊற்றிவிடலாம் என்று எங்கள் செய்முறைத் தாளில் எழுதியிருந்தது. ஊற்றினேன். மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு முறை, தொட்டியில் ஊற்றினேன்.

கூப்ஃபர் செல்கள் இருந்தது அந்த மேல் தெளிவில்தான்.

என்னுடைய முதல் இரண்டு கட்டுரைகளில் நோய் எதிர்ப்பைப் பற்றி ஒரு வரி இல்லாததற்கு இதுதான் காரணம். எனக்குச் சர்க்கரையும் கொழுப்பும் போதும் என்றிருந்தது. கொழுப்புத் தீனி தின்ற எலியின் ஈரல் செல்லைத் தனியே பிரித்து வளர்த்தால், அது இன்சுலினுக்கு நான் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகப் பதில் சொன்னது. அதே செல் எலிக்குள் இருந்தபோது முரண்டு பிடித்தது ஏன்? இதைப் பல மாதம் என் கைப்பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தனியாகக் கூப்பிட்டால் சாதுவாகப் பேசும் பையன், கூட்டத்தோடு இருக்கும்போது கேட்க மாட்டான் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டம் யார் என்று அதற்குள் மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். கூப்ஃபர் தன் நட்சத்திரச் செல்களைப் பற்றி எழுதிய அதே 1876-இல், எப்ஸ்டைன் என்ற மருத்துவர், சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று எழுதினார். சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்து; அழற்சியை, அதாவது நோய் எதிர்ப்புப் படை கிளப்பும் வீக்கத்தையும் சூட்டையும், தணிப்பது. இன்சுலினே 1921-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அந்தச் செய்தியை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் புரியாமல் கிடந்தது. 1993-இல் ஹோட்டாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கசிவதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்வதையும் காட்டினார்கள். 2001-இல் ஷோல்சனின் குழு அந்தப் பழைய சாலிசிலேட்டையே கையில் எடுத்து, அழற்சியின் ஒரு முக்கியமான விசையை அது அணைப்பதால்தான் சர்க்கரை குறைகிறது என்று எலிகளில் நிறுவியது. 1876-இன் இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பிரின் வாங்க ஓட வேண்டாம். ரத்தக் கசிவு இருக்கிறது, வயிற்றுப் புண் இருக்கிறது. தவிர, டிஎன்எஃப்பை முடக்கும் மருந்தைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலியில் கிடைத்த பலன் மனிதரில் கிடைக்கவில்லை.)

உள்ளே நடப்பதைச் சர்க்கார் ஆபீஸ் பாஷையில் சொல்லிவிடலாம். இன்சுலின் வந்து செல்லின் வாசலில் நின்றதும், உள்ளே ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தின் குறிப்பிட்ட இடங்களில் ஒரு பாஸ்பேட் முத்திரை விழ வேண்டும். டைரோசின் இருக்கும் இடங்கள் அவை. விழுந்தால் கோப்பு நகரும். பக்கத்தில் காவல் செல்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கூச்சலுக்கு எழுந்த வேறு நொதிகள் வந்து அதே தாளில் செரின் என்ற இடத்தில் குத்திவிடுகின்றன. தப்பான இடத்தில் முத்திரை விழுந்த கோப்பு எந்த மேசையில் நகர்ந்திருக்கிறது? செல்லைத் தனியாகப் பிரித்து எடுத்தபோது நான் கூச்சலையும் சேர்த்துத் தொட்டியில் ஊற்றியிருந்தேன். அதனால்தான் அது சாதுவாக இருந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரை நம் நாட்டில் செய்தது. 2012-இல் சாந்திநிகேதனில் சமீர் பட்டாச்சார்யாவின் குழு நேச்சர் மெடிசின் ஆய்விதழில் எழுதியது. கிருமியின் துணுக்கை அடையாளம் காண டிஎல்ஆர்-4 என்ற காவல் கதவு இருக்கிறது. கொழுப்பு அமிலம் இந்தக் கதவை எப்படித் தட்டுகிறது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. நடுவில் தரகராக நின்று தட்டுவது ஃபெட்டுயின்-ஏ என்ற புரதம் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தத் தரகர் பிறப்பது எங்கே? ஈரலில். படித்த அன்று இரவு தூக்கமே வரவில்லை. பொறாமை பாதி.

பொறாமையில் இன்னொரு கதையும் இருக்கிறது. 2014 மே மாதம். கொழுப்புத் தீனி ஆய்வின் ஒன்பதாவது வாரம். அந்தத் தீனியில் அறுபது சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வருவது; கலந்துவிடக் கூடாது என்பதற்காக நீலச் சாயம் போட்டிருப்பார்கள். எடை போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் நீலமாகத் திரிந்த காலம். ஒரு சனிக்கிழமை இரவு விலங்குக்கூடத்தின் ஏசி நின்றுவிட்டது. எச்சரிக்கை மணி பழுதாகி ஒரு மாதமாகியிருந்ததாம். ஞாயிறு மதியம் கூடத்து அண்ணன் போன் செய்தார்: "மேடம், எலியெல்லாம் கையைக் காலைப் பரப்பிக்கிட்டு மல்லாக்காத குறையா படுத்திருக்கு. நீலத் தீனியத் தொடவே இல்ல." நான் போனபோது அறை முப்பத்து நான்கைத் தாண்டியிருந்தது. தீனி உருகித் தட்டில் வழிந்திருந்தது. அதன் பிறகு பழுதுபார்த்தும் ஏசி இரண்டு வாரம் திணறியது. எடை வரைபடம் பள்ளத்தில் விழுந்தது. மொத்தத் தொகுதியையும் கழித்துவிட்டோம். ஆய்வறிக்கையில் அது ஒரு வரிகூட இல்லை.

மூன்று வருடம் கழித்து, 2017-இல், அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆய்வுக்கூடங்களில் நாம் எலியை வைக்கும் இருபத்திரண்டு டிகிரி மனிதருக்குச் சுகம், எலிக்குக் குளிர். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது தின்றதில் கணிசமான பங்கை எரித்துவிடுகிறது. எலிக்கு இதமான முப்பது டிகிரிப் பக்கம் வைத்து வளர்த்தால் கொழுப்பு ஈரல் நோயும் அழற்சியும் கூடுதலாக வருகின்றன என்று அதில் காட்டியிருந்தார்கள். படித்துவிட்டு ஏசியைப் பார்த்தேன். நாங்கள் குப்பையில் போட்டது ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். எங்களுடையது விபத்து, அவர்களுடையது ஆய்வு. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. ஆனால் சென்னை வெயில் வந்து கதவைத் தட்டிக் கேள்வி கேட்டபோது, பழுதுபார்க்கும் ஆளுக்குப் போன் செய்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன் என்பது உண்மை.

மனிதரிடம் வந்ததே அதற்குப் பிறகுதான். எலியைவிட மனிதரிடம் வேலை செய்வது கஷ்டம், இட்லி வாங்கித் தர வேண்டியிருப்பதால் மட்டும் அல்ல. பத்து மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொன்னால், "காபி மட்டும் குடிச்சேன் மேடம், அது சாப்பாடு இல்லியே" என்பார்கள். எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்துவிட்டால் அதிலிருக்கும் நொதி இன்சுலினைத் தின்றுவிடும். ஐஸ் பெட்டியும் கையுமாக ஓட வேண்டும். கணக்கு எளிது. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் இன்சுலின் எதிர்ப்பை அளக்கும் ஹோமா என்ற எண் வரும். சர்க்கரை 110, இன்சுலின் 18 என்றால் 4.9 ஆகிறது. சர்க்கரை மட்டும் பார்த்திருந்தால் 'கொஞ்சம் கூட இருக்கு, பாத்துக்கோங்க' என்று அனுப்பியிருப்பார்கள். அந்த 110-ஐக் கட்டி நிறுத்தக் கணையம் எவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்பது இரண்டாவது எண்ணில்தான் தெரியும்.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்பது அடுத்த கேள்வி. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. உடம்பின் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2. இந்தப் படத்தை அச்செடுத்து வராந்தாவில் ஒட்டி வைத்திருந்தேன். நான் பேசிப் புரிய வைத்ததைவிட அந்தப் படம் புரிய வைத்தது அதிகம். சென்னையிலிருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வந்தபோது, இந்தியாவில் சர்க்கரை நோயோடு இருப்பவர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர் 13.6 கோடி என்று கணக்குச் சொன்னது. வாசலில் நிற்பவர்களில் ஒல்லிகளும் உண்டு.

பிறகு, கீழாநெல்லி. இதைக் கேட்காமல் யாரும் வராந்தாவை விட்டுப் போவதில்லை. முன்பெல்லாம் "அதெல்லாம் மஞ்சள் காமாலைக்கு" என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். இப்போது உட்கார வைத்துச் சொல்கிறேன். தரமணியிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில், தியாகராஜனும் அவர் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் லான்செட்டில் எழுதினார்கள். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. ஒரு கட்டுரை வெளிவருவது கல்யாணம் போல. குடித்தனம் நடக்கிறதா என்பது பிறகுதான் தெரியும். என் கட்டுரைகளில் எத்தனை குடித்தனம் நடத்தும் என்று எனக்கே சந்தேகம் உண்டு.

அந்த எதிர்ப்புச் சொல்லை விட்ட இடத்துக்கு வருகிறேன். புளியந்தோப்பு அம்மா போன வாரத்திலேயே படிவத்தைத் திருத்த உட்கார்ந்தேன். 'இன்சுலின் தடை' என்று போட்டால் யாரோ இன்சுலினைத் தடை செய்த மாதிரி இருந்தது. 'இன்சுலின் உணர்திறன் குறைவு' என்றால் எனக்கே கொட்டாவி வந்தது. எங்கள் கூடத்தில் ரத்தம் எடுக்கும் தம்பி வியாசர்பாடிக்காரன், டிஎம்எல்டி என்ற ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம் படித்தவன். என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே சிரிஞ்சுகளை அடுக்கியவன், "என்ன மேடம், இன்சுலின் பேச்சு அங்க எடுபடல, அவ்வளவுதானே?" என்றான்.

எடுபடவில்லை. பதினெட்டு வருடமாக நான் தேடாமலே இருந்த சொல்.

அதில் இன்னும் ஒரு நயம் இருப்பது வீட்டுக்குப் போகும் ரயிலில் உறைத்தது. ஈரலுக்கு இன்சுலின் இரண்டு கட்டளை போடுகிறது: புதிதாகச் சர்க்கரை செய்யாதே, கொழுப்பைச் செய்து சேமித்து வை. கோளாறு வந்த ஈரல் முதல் கட்டளையைக் காதில் வாங்காது. இரண்டாவதை மட்டும் சொன்னபடி செய்யும். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறும், ஈரலில் கொழுப்பும் ஏறும். பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 2008-இல் இதை ஒரு புதிர் என்றே எழுதினார்கள். எதிர்ப்பு என்ற சொல்லில் இந்தப் புதிர் அடங்காது, எதிர்ப்பவன் எல்லாவற்றையும் எதிர்ப்பான். அப்பா பேச்சு எடுபடாத வீட்டில்கூட, 'கடைக்குப் போய் உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ' என்றால் பிள்ளை உடனே எழுந்து போவானே.

'தங்கள் உடலில் இன்சுலின் பேச்சு எந்த அளவுக்கு எடுபடுகிறது என்று பார்ப்போம்' என்று எழுதி, படிவங்களுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அந்த வரியை அடித்து, 'அங்கீகரிக்கப்பட்ட கலைச்சொல்லைப் பயன்படுத்தவும்: இன்சுலின் எதிர்ப்பு' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

பழைய வரியையே திரும்பப் போட்டேன். அந்த இடம் வரும்போது மட்டும் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, தம்பி சொன்னதைச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ரத்தத்துக்கு வந்த புளியந்தோப்பு அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்று கையை நீட்டினார். "எங்க வூட்ல யார் பேச்சுதான் எடுபடுது?"